படி யார் கையில்? அம்மன் காசு முதல் பிட்காயின் வரை

ஆவுடையார்கோவில் வட்டாரத்தில் நாங்கள் சந்திக்கும் கல்லூரி மாணவர்கள் சிலரின் செல்பேசியில் இப்போது கிரிப்டோ செயலி இருக்கிறது. அதோடு ஒரு வாதமும் சேர்ந்து வருகிறது: "வங்கி மேலாளர் சாதி பார்ப்பார், பிளாக்செயின் பார்க்காது." இதைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. கல்விக் கடனுக்கும் தாட்கோ கடனுக்கும் அலைந்து திரும்பிய குடும்பங்களிலிருந்து வரும் வாதம் இது. ஆனால் பணத்தை இதுவரை யார் வெளியிட்டார்கள், அதன் மதிப்பு ஆடியபோது யார் விழுந்தார்கள் என்ற வரலாற்றைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்த வரலாறு நம் மாவட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது.

காசும் நெல்லும்

புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குச் சொந்தமாக ஒரு செப்புக்காசு இருந்தது. அதுதான் அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம், மறு பக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. 20 அம்மன் காசு ஓர் அணா, 320 காசு ஒரு ரூபாய். நவராத்திரியில் அரண்மனை கொடுத்த அரிசி தானத்தோடு இந்தக் காசும் வழங்கப்பட்டது. பிரிட்டிஷ் ரூபாய் புழங்கிய காலத்திலும் இது சந்தையில் செல்லுபடியானது. செம்பின் விலை அதற்குக் காரணமல்ல. வெளியிட்ட அரசே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கைதான் காரணம். சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்தது. இன்று அம்மன் காசு பழம்பொருள் சேகரிப்பவர்களிடம் இருக்கிறது. வெளியிட்டவர் போனால் நாணயமும் போய்விடும் என்பது முதல் பாடம்.

அன்றைக்கு ஆவுடையார்கோவில் சமஸ்தானத்துக்கு வெளியே, தஞ்சாவூர் மாவட்டத்தின் அறந்தாங்கி வட்டத்தில் இருந்தது. 1974இல்தான் புதிய புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் வந்தது. தஞ்சை மாவட்டத்து வயல்களில் நம் மக்களுக்குக் காசைவிட நெல்தான் கூலி. பண்ணையாள் உழைப்பை மிராசுதாரின் மரக்கால் அளந்தது. அளக்கும் படியும் அவருடையது, அளக்கும் கையும் அவருடையது. 1952இல் வந்த தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம்கூடக் கூலியை நெல்லில்தான் நிர்ணயித்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பின்னால் இருந்த கூலிக் கோரிக்கை அரைப்படி நெல். படி யார் கையில் இருக்கிறது என்பது நமக்கு உயிர் சம்பந்தப்பட்ட கேள்வியாகவே இருந்திருக்கிறது. இது இரண்டாவது பாடம்.

அண்ணல் கேட்ட கேள்வி

இந்தக் கேள்வியைப் பொருளாதார மொழியில் கேட்டவர் அண்ணல் அம்பேத்கர். 1923இல் லண்டனில் வெளிவந்த அவருடைய நூல் 'ரூபாயின் பிரச்சினை'. 1893இல் நாணயச் சாலைகளில் வெள்ளியைத் தடையின்றி ரூபாயாக அச்சிடுவதை பிரிட்டிஷ் அரசு நிறுத்தியது. அதன்பின் எவ்வளவு ரூபாய் வெளியிடுவது என்பது அதிகாரிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அந்த விருப்ப அதிகாரத்தைத்தான் அண்ணல் எதிர்த்தார். ரூபாய் வெளியீட்டுக்கு யாரும் நினைத்தபடி தாண்ட முடியாத எல்லை வேண்டும் என்றார்.

இங்கேதான் கிரிப்டோ ஆதரவாளர்கள் துள்ளிக் குதிப்பார்கள். 2009 ஜனவரியில் தொடங்கிய பிட்காயினுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. மொத்தம் 2.1 கோடிக்கு மேல் உருவாக்க முடியாதபடி நிரல் எழுதப்பட்டிருக்கிறது. அப்படியானால் அம்பேத்கர் கேட்டது இதைத்தானா?

இல்லை. அண்ணலுக்கு எல்லை ஒரு கருவி மட்டுமே. நிலையான மதிப்புதான் அவருடைய குறிக்கோள். ரூபாயின் மதிப்பு விழுந்தால் ஏற்றுமதி பெருகும், நாட்டுக்கே லாபம் என்று அன்றைய பெரும் வணிகர்கள் வாதிட்டார்கள். அந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்று அவர் திருப்பிக் கேட்டார். விலைவாசி ஏறும் வேகத்தில் கூலி ஏறுவதில்லை. ஆகவே அது நாட்டுக்கு வெளியிலிருந்து வரும் லாபமல்ல. உழைப்பவரிடமிருந்து எடுத்து முதலாளிக்குக் கொடுப்பது. ஹில்டன் யங் ஆணையத்தின் முன்னும் அவர் சாட்சியம் அளித்தார். அந்த ஆணையத்தின் 1926ஆம் ஆண்டு அறிக்கை மத்திய வங்கி வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1935 ஏப்ரல் 1 அன்று ரிசர்வ் வங்கி செயல்படத் தொடங்கியது.

முதலீடாக ஏற்றார்கள், பணமாக ஏற்கவில்லை

அண்ணலின் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பிட்காயினைப் பார்ப்போம். 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் ஏறத்தாழ 69,000 டாலர். அடுத்த நவம்பரில் 17,000 டாலருக்கும் கீழே போனது. 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. ஒரு சித்தாளின் கூலியை இதில் நிர்ணயித்தால் என்ன ஆகும்? ஓராண்டில் முக்கால் பங்கு சுருங்கும் படியில் கூலி வாங்க யார் சம்மதிப்பார்கள்?

உலக அனுபவமும் இதையே காட்டுகிறது. எல் சால்வடார் 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டபூர்வ நாணயமாக்கியது. மக்கள் அன்றாடச் செலவுக்கு டாலரையே நாடினார்கள். பன்னாட்டு நிதியத்துடன் செய்த கடன் ஒப்பந்தத்தை ஒட்டி, கடைக்காரர்கள் அதைக் கட்டாயம் ஏற்க வேண்டும் என்ற விதியை அந்த நாடு 2025இல் கைவிட்டது. முதலீட்டுப் பொருளாக மட்டும் அதன் ஏற்பு வளர்ந்து வருகிறது. பிட்காயினை நேரடியாக வைத்திருக்கும் நிதியங்களை அமெரிக்கா 2024 ஜனவரியில் அனுமதித்தது.

இந்தியாவில் 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ நிறுவனங்களுக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்றது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 பட்ஜெட் லாபத்துக்கு 30 சதவீத வரி விதித்தது. ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. கிரிப்டோ ஒரு சொத்து என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சொத்து என்றால் நீதிமன்றத்தில் உரிமை கோரலாம். அது நல்லதே. ஆனால் சொத்து வேறு, பணம் வேறு.

நரி பரியான கதை

நம் ஊர்க்கதை எல்லோருக்கும் தெரியும். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோவில் திருப்பணிக்குச் செலவிட்டார். குதிரைகளாக வந்து சேர்ந்தவை இரவில் மீண்டும் நரிகளாகின. அதே கதையில் வைகைக் கரையில் மண் சுமந்த கூலிக்காரருக்குக் கிடைத்தது உதிர்ந்த பிட்டும் முதுகில் பிரம்படியும். சிவன் என்பதால் அந்த அடி எல்லோர் முதுகிலும் விழுந்தது. நம் முதுகில் விழும் அடி நமக்கு மட்டும்தான் வலிக்கும்.

கிரிப்டோவிலும் நரிகள் உண்டு. மாதம் 10 சதவீதம் பிட்காயினாகவே திருப்பித் தருவோம் என்ற 'கெயின் பிட்காயின்' திட்டம் குற்ற வழக்கில் முடிந்தது. 2024 ஜூலையில் 'வசிர்எக்ஸ்' தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்பிலானவை திருடப்பட்டன. பயனர்கள் மாதக்கணக்கில் தங்கள் காயின்களை எடுக்க முடியாமல் தவித்தார்கள். வங்கி மூழ்கினால் வைப்புத்தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இங்கே அதுவும் இல்லை.

அரசின் பணம் என்றாலே பாதுகாப்பு என்றும் நாங்கள் சொல்லவில்லை. 2016 நவம்பர் 8 இரவு புழக்கத்திலிருந்த பண மதிப்பில் 86 சதவீதத்தை ஓர் அறிவிப்பு செல்லாததாக்கியது. தினக்கூலிகள்தான் வரிசையில் நின்றார்கள். 2022 டிசம்பரில் பொதுமக்களுக்கான சோதனை தொடங்கிய டிஜிட்டல் ரூபாயில், எதற்குச் செலவழிக்கலாம் என்பதைக்கூட முன்கூட்டியே நிர்ணயிக்க முடியும். உதவித்தொகையை இப்படிப் பூட்டி வைக்கும் நாள் வந்தால் முதல் எதிர்ப்புக் குரல் நம்முடையதாக இருக்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, பிளாக்செயினைப் படியுங்கள். அதில் வேலை இருக்கிறது, அறிவு இருக்கிறது. அம்மாவின் மகளிர் குழுக் கடனையும் கல்வி உதவித்தொகையையும் அதில் போடாதீர்கள். எந்த நாணயம் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: வெளியிடுவது யார்? மதிப்பு விழுந்தால் விழுவது யார்? முறையிட இடம் எங்கே? சாதி பார்க்கும் வங்கிக்கு மாற்று, யாருமே பொறுப்பேற்காத சந்தை அல்ல. மறுக்கப்பட்ட ஒவ்வொரு கடன் விண்ணப்பத்துக்கும் எழுத்தில் காரணம் கேட்போம். அதைச் சேர்ந்து கேட்போம். படியை நம் கைக்குக் கொண்டுவரும் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஜெய்பீம்!