பேசாத பிள்ளையின் யோசனை

"குழுவாக உட்கார்ந்து யோசியுங்கள்" என்று வகுப்பறைகளில் சொல்கிறோமே, அந்த முறை பிறந்தது பள்ளியில் அல்ல, விளம்பரத் தொழிலில். நியூயார்க்கின் பிபிடிஓ விளம்பர நிறுவனத்தில் அலெக்ஸ் ஆஸ்பர்ன் 1939 வாக்கில் இதைத் தொடங்கினார். யாரையும் குறை சொல்லக்கூடாது, விசித்திரமான யோசனையும் வரட்டும், எண்ணிக்கை பெருகட்டும், ஒருவர் சொன்னதன்மேல் மற்றவர் கட்டலாம் என்ற விதிகள் 1953-இல் வந்த அவரது நூலால் பரவின.

1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். நால்வர் கொண்ட 12 குழுக்கள் ஒருபுறம், தனியாக யோசித்த 48 பேர் மறுபுறம். கைக்கு ஒரு கட்டைவிரல் கூடுதலாக முளைத்தால் என்ன ஆகும் என்பது ஒரு கேள்வி. (வீட்டில் கேட்டுப் பாருங்கள், கலகலப்பாக இருக்கும்!) தனியாக யோசித்த நால்வரின் பட்டியலை ஒன்றுசேர்த்தால், குழுவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு யோசனைகள். ஒருவர் பேச மற்றவர் காத்திருப்பதே முக்கியக் காரணம் என்பதை டீல், ஸ்ட்ரோபே என்ற இரு ஆய்வாளர்கள் 1987-இல் காட்டினார்கள்.

நம் சிங்கப்பூரில் 1997-இல் அன்றைய பிரதமர் கோ சோக் டோங் 'சிந்திக்கும் பள்ளிகள்' திட்டத்தை அறிவித்தார். பிறகு குழுத் திட்டப்பணியும் வந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் குழுவில் வாய் திறப்பவர் கையிலேயே பேனாவும் போய்விடுகிறது. ஓரத்தில் இருக்கும் பிள்ளை தலையாட்டிவிட்டு எழுந்துவிடுகிறது. தனியாக யோசிப்பதும் வேண்டும் என்று ஆஸ்பர்னே சொன்னதை நாம் வசதியாக மறந்துவிட்டோம்.

இதற்கு 1968-இலேயே ஜெர்மனியின் பெர்ன்ட் ரோர்பாக் ஒரு வழி காட்டினார். ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடம். பேசாமல் எழுதிவிட்டுத் தாளைப் பக்கத்திலிருப்பவரிடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.