நூற்றார்கள், பின்னவில்லை: தென்னார்க்காட்டுக் கம்பளி இழை பற்றி ஒரு வாதம்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் ஆட்டு மயிரைக் கையால் நூற்றிருக்கிறார்கள். ஆனால் அந்த நூலை ஊசியில் பின்னும் மரபு இங்கே உருவாகவில்லை. நூற்றதெல்லாம் தறிக்குப் போய்க் கம்பளியானது. வெயில் நாட்டில் ஸ்வெட்டர் எதற்கு என்று இதற்குச் சுலபமாகக் காரணம் சொல்லிவிடுகிறார்கள். வெயில்தான் காரணமென்றால் கம்பளியும் இங்கே நெய்யப்பட்டிருக்கக் கூடாதே. காரணத்தை ஆட்டின் மயிரிலும் மக்களின் உடையிலும் தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஆடு. இந்தப் பக்கத்துக்குரிய மயிராடு கருங்குறும்பை. பதிவேடுகளில் இதன் பெயர் திருச்சி கருப்பு. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் இதற்குத் தாயகம். ஆனால் இதன் பரப்பைக் குறிக்கும் கால்நடை நூல்கள் பழைய தென்னார்க்காட்டின் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திண்டிவனம் வட்டங்களையும் சேர்த்தே சொல்கின்றன. சிற்றுருவம், உடல் முழுக்கக் கறுப்பு, கிடாவுக்குக் கொம்பு. வடக்கே செங்கல்பட்டுப் பக்கத்துச் சென்னைச் சிவப்பும் மேற்கே மேச்சேரியும் கறிக்கான ஆடுகள்; அவற்றின் உடலில் நூற்கத்தக்க மயிர் கிடையாது. கருங்குறும்பைக்கு உண்டு. ஆனால் அது மிகவும் முரடு. தடித்த ரோமம் கலந்தது. அடர்ந்து நிற்காமல் பிரிந்து கிடப்பது. 

பின்னல் துணி கண்ணிகளால் ஆனது. ஒவ்வொரு கண்ணியும் வளைந்து நிற்க வேண்டும். இழுத்தால் நீள வேண்டும். விட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். மெரினோ ஆட்டின் மயிர் பெரும்பாலும் 24 மைக்ரானுக்குக் குறைந்த பருமன் கொண்டது. அதில் இயல்பாகவே நெருக்கமான சுருள் இருப்பதால் கண்ணி உயிரோடு இருக்கிறது. முரட்டு மயிரில் அந்தச் சுருள் இல்லை. தளர்வாக முறுக்கினால் இழை பிரிந்துபோகும். எனவே நூற்பவர் முறுக்கைக் கூட்டியாக வேண்டும். முறுக்கேறிய ஒற்றை இழையைப் பின்னினால் துணி ஒரு பக்கமாகக் கோணும். சில முறை துவைத்த மலிவு பனியனை விரித்துப் பாருங்கள்: இடுப்போரத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பியிருக்கும். திருப்பூர் இயந்திரத்தில் நுண்ணிய பருத்தி இழைக்கே இந்த வம்பு என்றால் முரட்டு மயிருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு இழையை எதிர்த்திசையில் சேர்த்து முறுக்கினால் கோணல் போகும். ஆனால் ஏற்கெனவே தடித்த இழை அப்போது கயிறாகிவிடும்.

தறியில் இதே குறை குணமாகிறது. பாவும் ஊடையும் ஒன்றையொன்று இறுகப் பிடிப்பதால் இழை கோண இடமில்லை. கூடுதல் முறுக்கு பாவுக்கு வலுவாகிறது. மேலே சிலிர்த்து நிற்கும் ரோமத்தைப் புளியங்கொட்டைக் கஞ்சி படிய வைக்கிறது. துணி விறைத்து, தண்ணீரை எளிதில் உள்ளே விடாததாகிறது. நூற்றவருக்கு நல்ல நூல் நூற்கத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால், எந்தத் துணிக்கு நல்ல நூல் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இந்த வேலை ஆடு மேய்க்கும் குறும்பர்களுடையது. பெண்கள் நூற்பதும் ஆண்கள் நெய்வதும் வழக்கம். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற நூல், கன்னட நாட்டுக் குறுபர்களிடையே திருமணக் காப்பு பருத்தி நூலா ஆட்டுமயிர் நூலா என்பதை வைத்தே உட்பிரிவுகள் இருந்ததைப் பதிவுசெய்கிறது. இழைக்கு அங்கே துணியாவதற்கு முன்பே ஒரு தகுதி இருந்திருக்கிறது. தமிழில் இன்னும் பழைய சான்று சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை. மதுரையின் அறுவை (துணி) வீதியில் பருத்தியோடும் பட்டோடும் மயிரால் நெய்த துணியும் அடுக்கியிருந்ததை இளங்கோ சொல்கிறார். அதுவும் நெய்த துணிதான்.

கம்பளி குளிருக்கான துணி என்ற எண்ணத்தையும் இந்த வட்டாரத்தைப் பொறுத்தவரை மாற்றிக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அறுவடை முடிந்த நிலத்தில் எருவுக்காக ஆட்டுக் கிடை மடக்கி, இரவெல்லாம் ஆட்டோடு கிடக்கும் ஆளுக்கு அது வீடு. விரித்தால் படுக்கை, நீளவாக்கில் மடித்து ஒரு மூலையை உள்ளே தள்ளித் தலையில் கவிழ்த்தால் கொங்காணி. கொங்காணிக்கு விறைப்பு வேண்டும். ஸ்வெட்டருக்கு நெகிழ்ச்சி வேண்டும். பின்னாளில் அந்த இடத்தைப் பிடித்தது யூரியாச் சாக்கு. மூட்டைக்குள் வந்த உரம் கிடைக்கான கிராக்கியைக் குறைத்தது. காலிச் சாக்கு கம்பளிக்கான தேவையைக் குறைத்தது.

இனி உடை. இன்று கிடைத்திருக்கும் மிகப் பழைய பின்னல் துணிகளில் பல எகிப்தைச் சேர்ந்தவை. அவற்றில் பெரும்பகுதி நீலமும் வெள்ளையுமான பருத்திக் காலுறைகள். ஆகவே பின்னல் என்பது குளிர்நாட்டுக் கம்பளியோடு மட்டும் பிறந்த கலை என்பதற்கில்லை. பருத்தி விளையும் தமிழ்நாட்டிலும் அது தோன்றியிருக்கலாம். தோன்றாததற்குக் காரணம் உடையின் வடிவம். பாதம், கை, தலை என்று உறுப்புக்கேற்ற குழாய் வடிவம் வேண்டும் இடத்தில்தான் பின்னல் தறியை வெல்கிறது. வெறுங்காலோடு நடந்து, தறியிலிருந்து இறக்கிய துணியை அப்படியே சுற்றி உடுத்தும் ஊரில் அதற்கு வேலை இல்லை. திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கிலில் இருந்து ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடன் பாணனுக்கு உடுத்தியதாகச் சிறுபாணாற்றுப்படை சொல்வதும் மெல்லிய அறுவையே.

முரட்டு மயிரையும் பின்னுகிறார்களே, ஐஸ்லாந்திலும் இமாசலத்திலும் இல்லையா என்று கேட்கலாம். ஐஸ்லாந்து ஆட்டுக்கு முரட்டு மேல்மயிருக்கு அடியில் மென்மயிர் ஒன்று உண்டு. பின்னலைத் தாங்குவது அது. இமாசலத்துக் காலுறைகளுக்கு ஆட்டைவிடப் பனியும் செருப்பும்தான் காரணம். இரண்டு எடுத்துக்காட்டும் என் வாதத்துக்கு எதிரானவை அல்ல.

பின்னல் ஊசி நம் பக்கம் மிஷன் பள்ளிகளின் தையல் வகுப்பு வழியாக வந்தது. வந்ததும் போய்ச் சேர்ந்த இடம் குழந்தையின் தலையும் காலும்: மார்கழிக்குக் குல்லா, சின்னக் காலுறை. கடையில் உல்லன் நூல் என்று கேட்டு வாங்கி வாசல் தோரணமும் பொம்மையும் பின்னினார்கள். அந்த நூல் பெரும்பாலும் அக்ரிலிக். பெயரில் மட்டுமே உல்லன்.

கைத்தொழில் மீட்பு பேசுவோர் நூற்பு, பின்னல் என்ற இந்த இரண்டு வரலாறுகளையும் ஒன்றாக்கி, கருங்குறும்பை மயிரைப் பெண்கள் குழுக்களுக்குக் கொடுத்து ஸ்வெட்டர் பின்ன வைக்கலாம் என்கிறார்கள். பின்னலாம், போடுகிறவர் உடம்பு அரிக்கும். ஸ்வெட்டருக்கு ஆகும் மயிர் தமிழ்நாட்டில் நீலகிரி ஆட்டினுடையது. 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டோடு மெரினோ முதலிய அயல் இனங்கள் கலந்து உருவான அதைச் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையம் காத்துவருகிறது. தென்னார்க்காட்டு மயிருக்கு ஏற்றது விரிப்பு, முரட்டுக் கம்பளி, அழுத்தி ஒட்டிய கம்பளத் தகடு. அதற்கும் முன்னால் விலைக் கேள்வி ஒன்று இருக்கிறது. செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆட்டைப் பிடித்துப் பார்க்கும் வியாபாரி முதுகையும் தொடையையும் அழுத்திக் கறியைக் கணக்கிடுகிறார். மயிர் அந்தக் கணக்கில் வருவதில்லை. மயிருக்கென்று தனி விலை பேசாத வரையில் கருங்குறும்பை வைத்திருப்பவர் கறி அதிகம் தரும் ஆட்டுக்கு மாறுவதைத் தடுக்க எந்தப் பயிற்சி வகுப்பாலும் ஆகாது.