வேலியில் பிறந்த ரோஜா

பனிக்காலத் தில்லியில் ரோஜாக்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அவற்றுட் பல கண்ணுக்கு விருந்தாகின்றனவேயன்றி மணம் தருவதில்லை. 1867-இல் பிரான்சில் ‘லா பிரான்ஸ்’ என்னும் கலப்பின ரோஜா தோன்றிற்று. அதற்கு முன்னரே வழங்கிய இனங்களைப் ‘பழைய தோட்ட ரோஜாக்கள்’ என்பர். அவற்றுள் ஒன்றன் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

இந்துமாக்கடலிலுள்ள ரீயூனியன் தீவின் பழம்பெயர் பூர்போன். அத்தீவினர் தம் நிலங்களுக்கு ரோஜாச் செடிகளையே வேலியாக நட்டனர். ஒன்று மணம் மிக்க டமாஸ்கு ரோஜா. மற்றொன்று அடுத்தடுத்துப் பூக்கும் சீனத்து ரோஜா. 1817-ஆம் ஆண்டளவில், இரண்டையும் ஒருவாறு ஒத்த புதுச்செடி ஒன்றைப் பிரெயோன் என்னும் தாவரவியலார் அங்குக் கண்டார். அவர் அனுப்பிய விதைகளைப் பிரான்சில் ழாக் என்னும் தோட்டக் கலைஞர் முளைப்பித்தார். ‘பூர்போன்’ ரோஜாக் குலம் இவ்வாறு தழைத்தது.

அக்குலத்ததே நம் நாட்டில் ‘எட்வர்டு ரோஜா’ எனப்படுவது. தமிழகப் பூக்கடைகளில் பன்னீர் ரோஜா என விற்பனவற்றுள் இதுவும் ஒன்று. வடநாட்டிலோ, பிற ரோஜாக்களை ஒட்டுக்கட்டும் அடிச்செடியாகவும் இது பயன்படுகிறது. வேர் இதனுடையது, பூ வேறொன்றனுடையது!

சில ஆண்டுகளுக்கு முன் நம் அரசுக் குடியிருப்பில் வைத்த ஒட்டுச்செடி ஆனி வெயிலில் பட்டுப்போயிற்று. மழை பெய்ததும் ஒட்டுக்குக் கீழிருந்து ஒரு தளிர் எழுந்தது. “வெட்டி எறியுங்கள்” என்றனர் அண்டை வீட்டார். மனம் வரவில்லை. ஐப்பசியில் கவாத்துச் செய்து, வேரைச் சில நாள் காற்றாட விட்டு, தொழுவுரமிட்டு மூடினோம். மார்கழியில் அரும்பு கட்டிற்று; தைப்பொங்கலன்று மலர்ந்தது. ஊர்ச் சந்தையின் அதே இளஞ்சிவப்பு, அதே மணம்! மாசி முடியப் பூத்தது. பங்குனி வெயிலில் பூ சிறுத்தது.

1848-இல் ரீயூனியனில் அடிமைமுறை ஒழிந்த பின்னர், கரும்புத் தோட்டங்களில் உழைக்கத் தமிழர் பெருந்தொகையினராய் அங்குச் சென்றனர். அவர்தம் வழியினர் இன்றும் அங்கு வாழ்கின்றனர். கோயில் கட்டி வழிபடுகின்றனர். ஆனால் தமிழ் பேசுவோர் அவருள் அரியர். மொழியை விட்டுவிட்டால் மூன்றாம் தலைமுறையில் என்ன நேரும் என்பதை, தலைநகரில் பிள்ளைகளை வளர்க்கும் நாமும் எண்ணிப் பார்த்தல் நன்று.

அன்பர்களே! உங்கள் தொட்டியிலும் ஒட்டுக்குக் கீழே தளிர் எழக்கூடும். மேற்செடி பட்டுப்போயிருப்பின் அத்தளிரை வெட்டற்க. ஒருமுறை பூக்கவிட்டு, குழந்தைகளை அழைத்து அதன் பெயரைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள்.