பெயர் சுமந்த கற்கள்

ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள் நாம் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்கிறோம். புல்லைச் செதுக்கி, மாலை சாத்தி, மெழுகுதிரி ஏற்றி, கல்லில் பொறித்த பெயரை ஒருமுறை வாசித்துச் செபிக்கிறோம். அந்தக் கல்லே பெயர்த்தெடுக்கப்பட்டு, பிறர் மிதித்து நடக்கும் தளமாகிவிட்டால் நம் நெஞ்சம் என்ன பாடுபடும்? போலந்து நாட்டுச் சிற்றூர் ஒன்றின் யூத மக்களுக்கு இதுவே நேர்ந்தது. அவர்கள் நினைவாக அங்கு எழுந்துள்ள சுவர், கத்தோலிக்கராகிய நம்மையும் நோக்கிப் பேசுகிறது.

விஸ்துலா ஆற்றங்கரையில் அமைந்த அவ்வூரின் பெயர் கசிமியெர்ஸ் டோல்னி. யூதர்கள் தங்கள் இத்திஷ் மொழியில் அதனைக் 'குஸ்மிர்' என்று அழைத்தனர். தானிய வணிகத்தால் செழித்த ஊர் அது. சந்தைச் சதுக்கத்தின் அருகே பங்குக் கோயிலும், சற்றுத் தள்ளி யூதர்களின் தொழுகைக்கூடமும், குன்றின்மேல் பிரான்சிஸ்கன் துறவியரின் மடமும் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஊர் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் யூதர்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஊருக்கு வெளியே, செர்னியாவி என்னும் இடத்தில், அவர்கள் புதிய கல்லறைத் தோட்டம் அமைத்தனர். அதன் கற்களில் எபிரேய எழுத்துகளோடு சின்னங்களும் செதுக்கப்பட்டன. ஓய்வு நாள் விளக்கேற்றிய பெண்ணுக்கு மெழுகுதிரித் தண்டு. குருகுலத்தில் பிறந்தவருக்கு ஆசி வழங்கும் இரு கைகள். இளமையில் இறந்தவருக்கு முறிந்த மரம்.

1939-இல் செருமானியப் படை போலந்தைக் கைப்பற்றியது. பிரான்சிஸ்கன் மடம் கெஸ்டாப்போ என்னும் இரகசியக் காவல்துறையின் அலுவலகமாயிற்று. யூதக் கல்லறைகளின் கற்கள் பெயர்க்கப்பட்டு, அம்மடத்தின் முற்றத்தில் தளமாகப் பாவப்பட்டன. செபமாலை ஒலித்த முற்றத்தில், இறந்தோரின் பெயர்கள்மீது காலணிகள் நடந்தன. 1942-இல் ஊரின் யூதர்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெல்செட்ஸ் கொலை முகாமில் மாண்டனர். கல்லறையில் விளக்கேற்ற வேண்டிய பிள்ளைகளே இல்லாமற் போயினர்.

பழி முழுவதையும் பகைவர்மேல் சுமத்திவிட்டு நாம் அமைதி கொள்ள இயலாது. போர் முடிந்த பின்னரும் போலந்தின் பல ஊர்களில் யூதக் கல்லறைக் கற்கள் சாணைக்கல்லாகவும், படிக்கல்லாகவும், கட்டடக் கல்லாகவும் பயன்பட்டன. அவற்றை எடுத்தோருள் ஞாயிறு தவறாமல் திருப்பலி கண்டோரும் இருந்திருப்பர். கேட்பாரற்ற கல் என எண்ணியிருக்கலாம். கேட்பார் ஏன் இல்லை என்று அவர்கள் தம்மையே வினவினரா?

1984-இல் கசிமியெர்ஸின் கற்கள் மீண்டும் எழுந்து நின்றன. ததேயுஷ் அகுஸ்தினெக் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி, உடைந்த நூற்றுக்கணக்கான கல்லறைக் கற்கள் செர்னியாவியின் மரங்களடர்ந்த சரிவில் நீண்ட சுவராக அமைக்கப்பட்டன. தரையில் கிடந்த பெயர்கள் மீண்டும் மனிதரின் முகத்துக்கு நேரே நின்றன. ஆனால் அச்சுவர் முழுமையானதன்று. மேலிருந்து கீழ்வரை ஒரு பெரிய பிளவு அதனை இரண்டாகப் பிரிக்கிறது. அது காலத்தால் விளைந்த விரிசலன்று, வேண்டுமென்றே விடப்பட்டது. அதன் வழியே நோக்கினால் பின்னால் உள்ள காடு தெரிகிறது. அக்காட்டில், எஞ்சிய சில கற்கள் இன்னும் நிற்கின்றன.

அப்பிளவை ஏன் பூசி மறைக்கவில்லை? கற்களைச் சேர்க்கலாம், கொல்லப்பட்ட மக்களை மீட்க இயலாது. ஒட்டவைத்துவிட்டோம் என்று காட்டுவது பொய்யாகும். மனம் வருந்துதலும் அவ்வாறே. காயத்தை மறைப்பது ஒப்புரவு ஆகாது.

திருச்சபையும் இப்பாதையில் நடக்கக் கற்றுக்கொண்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல், இயேசுவின் பாடுகளுக்காக யூத இனம் முழுவதையும் குற்றஞ்சாட்டலாகாது என்று அறிவித்தது. யூதச் சிறுவரோடு பள்ளியில் பயின்ற போலந்து மைந்தர், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், 1986-இல் உரோமை யூதர்களின் தொழுகைக்கூடத்துக்குச் சென்றார். 2000-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள் எருசலேமின் மேற்குச் சுவரருகே நின்று, மன்னிப்பு வேண்டும் மன்றாட்டை அதன் கற்களின் இடுக்கில் வைத்தார். முதிர்ந்த கைகள் நடுங்க அவர் அங்கு வைத்தது ஒரு சிறு தாள்தான். ஆயினும் பல நூற்றாண்டுச் சுமை அதில் இருந்தது.

உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களை அகற்றிவிட்டு வரவில்லை. அவற்றைக் காட்டியே தோமையாரின் ஐயத்தைப் போக்கினார். கசிமியெர்ஸின் சுவரும் தன் காயத்தோடுதான் நிற்கிறது. இவ்வாண்டு நாம் கல்லறைக்குச் செல்லும்போது, நம்மவர் பெயரை வாசித்தபின், வாசிப்பாரற்ற பெயர்களுக்காகவும் ஒரு மெழுகுதிரி ஏற்றுவோம். நம் காலடியில் எவருடைய பெயரேனும் கிடக்கிறதா என்றும் குனிந்து பார்ப்போம்.