இடையன்குடிக்குக் குடிவந்த திண்டு

வைக்கோலை இறுக்கி அடைத்து, மேலே துணி போட்டுத் தைத்த ஒரு திண்டு. அதன்மேல் ஊசித் துளைகளால் கோலம் போட்ட கெட்டி அட்டை. துளைகளில் குண்டூசிகள். ஊசிகளைச் சுற்றி வரும் நூல்களின் நுனியில், விரல் நீளத்துக்குக் கடைந்த மரக்குச்சிகள், ஜோடி ஜோடியாக. கையால் லேஸ் பின்னுகிறவளின் தொழிற்கூடம் இவ்வளவுதான். மடியில் வைத்து வேலை பார்க்கலாம்; ஊர் மாறினால் மூட்டையோடு மூட்டையாகக் கட்டி எடுத்துப் போகலாம். அப்படி ஊர் ஊராகப் போய்க் குடியேறிய கைவேலை, 1844-இல் முத்துக்குளித்துறையின் தென்கோடியில் இடையன்குடி என்ற கிராமத்தில் வந்து இறங்கியது.

அதற்கு முந்தைய பயணம் நீளமானது. 16-ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்திலும் பிளாண்டர்ஸ் பகுதியிலும் தழைத்த வேலை இது. அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போய், டெவன் பகுதியில் ஹானிட்டன் லேஸ் என்று பெயரெடுத்தது. விக்டோரியா அரசியின் 1840-ஆம் ஆண்டுத் திருமண உடையில் இருந்தது டெவன் பெண்கள் பின்னிய லேஸ்தான். ஆனால் அதற்குள்ளேயே அந்தக் கைகளுக்குப் போட்டி வந்துவிட்டது. ஜான் ஹீத்கோட் என்பவர் 1809-இல் லேஸ் வலை பின்னும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். லாப்பரோவில் இருந்த அவரது ஆலையை 1816-இல் தொழிலாளர்கள் உடைத்தார்கள். அவர் டெவனில் உள்ள டிவர்ட்டனுக்கே போய்ப் புது ஆலை வைத்தார். ஊரில் எந்திரம் உள்ளே நுழைந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் கைத்திண்டு கப்பலேறியது.

லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். பெண்களுக்கான பள்ளியில் எழுத்தும் வாசிப்பும் கற்றுக்கொடுத்த மார்த்தா, 1821 வாக்கில் லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். நாடார் கிறிஸ்தவப் பெண்கள் மேலாடை அணிவதே கலகமாக இருந்த தெற்குத் திருவிதாங்கூர் அது. அந்த உரிமைக்கு அரசு இசைய 1859 வரை ஆயிற்று. அடிமை முறையும் 1855 வரை சட்டப்படி நீடித்தது. அந்த நாளில் பள்ளியில் பின்னிய லேசை விற்று, கிடைத்த பணத்தைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்களைப் பற்றி மிஷன் குறிப்புகள் சொல்கின்றன. இங்கிலாந்தில் சீமாட்டிகளின் கழுத்துக்கு அலங்காரமாக இருந்த பொருள், நாகர்கோவிலில் ஒரு பெண் தன் கழுத்தின் நுகத்தைக் கழற்றக் கொடுத்த விலையாயிற்று. இந்தத் திண்டின் வரலாற்றில் இதைவிடப் பெரிய காரியம் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

மார்த்தாவின் மகள் எலைசா 1822-இல் பிறந்தார், நாகர்கோவிலில் வளர்ந்தார். தமிழ் அவருக்குத் தொட்டிலிலேயே வந்த பேச்சு. 1844-இல் மிஷன் ஊழியர் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, திருவிதாங்கூர் எல்லையைத் தாண்டி, திருநெல்வேலிச் சீமைக்குள் வந்தார். கால்டுவெல் இடையன்குடிக்கு வந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. செம்மணல் தேரியும் பனங்காடும் உள்ள ஊர். கொஞ்ச தூரத்தில் கடல். வயலும் வாய்க்காலும் நிறைந்த நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த பெண்ணுக்கு, தண்ணீருக்குத் தவமிருக்கும் அந்தப் பூமி வேறு உலகமாகத்தான் இருந்திருக்கும்.

புது வீட்டில் பால் காய்ச்சினால் போதாது. அந்த ஊரில் நமக்கென்று நாலு பேர் வேண்டும். எலைசா வந்த ஆண்டிலேயே பெண்பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி தொடங்கினார். தாயிடமிருந்து வந்த லேஸ் வேலையை அங்கே கற்றுக்கொடுத்தார். பனையேறிகளின் வீட்டுப் பெண்கள் திண்டின் முன் உட்கார்ந்தார்கள். பங்குனி தொடங்கிப் பதநீர் இறங்கும் மாதங்களில் அந்த வீடுகளில் பெண்களுக்கு மூச்சு விட நேரமிராது. ஆண்கள் பனையிலிருந்து இறக்கிவரும் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவது முழுக்க அவர்கள் பாடு. பருவம் முடிந்தால் வேலையும் இல்லை, வரும்படியும் இல்லை. அந்த வெறுமையான மாதங்களில், மழையை நம்பாமல், மரத்தை நம்பாமல், பெண்ணின் விரலை மட்டும் நம்பி நடந்த தொழில் லேஸ். ‘இடையன்குடி லேஸ்’ என்று ஊர்ப் பெயரிலேயே அது அறியப்படலாயிற்று.

கையருகே வைத்துப் பார்த்தால் வேலையின் நுட்பம் தெரியும். எத்தனை குச்சிகள் தொங்கினாலும் ஒரு நேரத்தில் கையில் இருப்பவை நான்குதான். நடுவில் உள்ள இரண்டில் இடப்பக்கத்துக் குச்சி வலப்பக்கத்துக் குச்சியின் மேல் தாண்டும். அடுத்து, இரண்டு ஜோடியிலும் வலது குச்சி இடது குச்சியின் மேல் புரளும். ஒன்று குறுக்கு, இன்னொன்று முறுக்கு. உலகத்தில் குச்சியால் பின்னும் லேஸ் அத்தனையும் இந்த இரண்டு அசைவுகளிலிருந்து பிறந்தவை. அசைவு முடிந்ததும் அட்டையின் துளையில் ஒரு குண்டூசியைக் குத்தி நூலை நிறுத்தி, அடுத்த நான்குக்குப் போகவேண்டும். முன்னே போகப் போக, பின்னால் நன்றாகப் படிந்துவிட்ட இடத்து ஊசிகளைப் பிடுங்கி முன்னால் குத்துவார்கள். குச்சியின் கனம் நூலை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் முடிச்சே இல்லாமல் பின்னல் நிற்கும். வெள்ளை நூல், வியர்வைக் கை பட்டால் பழுப்பேறிவிடும். புழுதி பறக்கும் தேரிக்காட்டில், கையைக் கழுவிக் கழுவித் துடைத்துக்கொண்டு, முடிந்த பகுதியைத் துணி போட்டு மூடிவைத்து, விரல்கடை அகலத்துக்கு ஒரு கரையைப் பின்னி எடுப்பது என்ன பொறுமை என்று யோசித்துப் பாருங்கள்.

வேலை பழகிவிட்டால் கண்ணும் விரலும் தம் பாட்டில் போகும்; வாய்க்கும் காதுக்கும் விடுமுறை. அதனால் இதைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்துதான் செய்தார்கள். குச்சிகள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும் சத்தத்துக்கு நடுவே மாமியார் கதை, பிள்ளைப்பேற்றுக் கதை, வரன் பேச்சு எல்லாம் ஓடும். சிக்கல் விழுந்தால் பக்கத்தில் இருப்பவள் எட்டிப் பார்த்து, “ரெண்டு முறுக்கு விட்டுட்டே பிள்ளே” என்பாள். புத்தகத்தைப் பார்த்து இந்த வேலையைக் கற்பது கடினம். பக்கத்தில் உட்கார்ந்து கற்பது சுலபம்.

இந்தக் கரைக்குப் பின்னல் ஒன்றும் புதிதல்ல. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் இன்றைக்கும் கிழிந்த வலையைக் காலில் மாட்டி, ஊசியும் நூலுமாகக் கண்ணி கண்ணியாகப் பொத்துகிறவர்களைக் காணலாம். லேஸ், வலைக்கு ஒரு தங்கச்சி: இரண்டிலும் நூலைவிட இடைவெளிக்குத்தான் கணக்கு. கடலுக்கு அக்கரையிலும் இதே உறவு உண்டு. இலங்கையின் காலி, வெலிகமக் கரைகளில் சிங்களப் பெண்கள் ‘பீரலு’ என்று பின்னும் லேசும் இதே திண்டு, குச்சி வேலைதான். மேற்கே முளகுமூட்டில், 1897-இல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத்திலிருந்து வந்த மதர் மேரி லூயிஸ் டி மீஸ்டர் அநாதைப் பெண்பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுத்த மடத்திலும் லேஸ் வேலை வளர்ந்தது. ஆங்கிலேயத் திண்டும் பிளாண்டர்ஸ் திண்டும் சில காத தூரத்துக்குள் தமிழ்ப் பெண்களின் மடியில் வந்து சேர்ந்துவிட்டன.

1883-இல் கால்டுவெல் குடும்பம் தூத்துக்குடிக்கு மாறியது. ரயில் வந்து ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருந்த துறைமுகம். கரையோரம் ஆழம் இல்லாததால் நீராவிக் கப்பல்கள் மைல் கணக்கில் தள்ளி நங்கூரம் போடும். சரக்கைத் தோணிகள் கொண்டுபோய் ஏற்றும். ஏறியதில் பெரும்பங்கு பருத்திப் பொதிகள். கரிசல் காட்டுக் கருங்கண்ணிப் பருத்திக்கு இழை நீளம் குறைவு. லேசுக்கு வேண்டிய மெல்லிய நூல் அதில் இறங்காது. இங்கே விளைந்த பஞ்சு சீமைக்குப் போக, லேஸ்காரிக்கான நூல் வேறொரு பஞ்சிலிருந்து வரவேண்டியிருந்தது.

1880-களின் இறுதியில் தூத்துக்குடியிலேயே ஹார்வி குடும்பத்தின் கோரல் மில் எழுந்து, உள்ளூர்ப் பஞ்சை நூலாக்கத் தொடங்கியது. 1908-இல் அந்த மில்லின் தொழிலாளர்கள் வ.உ. சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா தலைமையில் வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வும் வார விடுமுறையும் வாங்கினார்கள். ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச முடிந்தது, பேசியதால் கேட்க முடிந்தது, கேட்டதால் கிடைத்தது.

லேஸ் பின்னும் பெண்களுக்கு அந்த வாய்ப்பு எவ்வளவு முக்கியம் என்பதை ஆந்திரத்து நரசாபுரம் காட்டியது. அங்கேயும் 19-ஆம் நூற்றாண்டில் மிஷன்காரர்கள் கொண்டுவந்த லேஸ்தான். கொக்கி ஊசியால் பின்னும் வகை. மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் அந்தப் பெண்களைப் பற்றி எழுதிய நூல் 1982-இல் வந்தது. வேலையைப் பூவாகவும் இணைப்பாகவும் துண்டு துண்டாகப் பிரித்து, வீடு வீடாக நூலைக் கொடுத்து, தரகர்கள் பின்னலை வாங்கிப் போனார்கள். சமையலும் பிள்ளைகளும் போக நாளெல்லாம் பின்னியும், அவர்கள் ‘சும்மா இருக்கும் நேரத்தில் ஏதோ செய்கிற வீட்டுப் பெண்கள்’ என்றே கருதப்பட்டார்கள். ஏற்றுமதி லாபம் வெளியே போயிற்று. கூலி வயிற்றுக்குக்கூடப் போதவில்லை. அதே பின்னலுக்கு இப்போது புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயருக்குக் கிடைத்த மரியாதை விரலுக்கும் கிடைக்கவேண்டும்.

இதனால்தான் ‘பொழுதுபோக்கு’ என்ற ஒற்றைச் சொல்லில் இந்த வேலையைச் சுருட்டிவிட எனக்குச் சம்மதமில்லை. பின்னுவதில் மகிழ்ச்சி உண்டு, தோழமை உண்டு. புது ஊரில் வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணுக்கு, மாற்றலாகி வந்த குடும்பத்துக்கு, பிள்ளைகள் படிக்கப் போய்விட்ட வீட்டில் தனியாக இருக்கும் தாய்க்கு, ஒரு திண்ணையில் நாலு பேரோடு உட்கார்ந்து நூலைக் கையில் எடுப்பது பெரிய ஆறுதல். ஆனால் அந்த மகிழ்ச்சியைக் காட்டியே கூலியைக் குறைப்பது அநியாயம். நாகர்கோவிலில் லேஸ் ஒரு பெண்ணின் விடுதலைக்கு உதவியது என்றால், பின்னிய கைக்கே பணம் வந்து சேர்ந்ததால்தான்.

கால்டுவெல் 1891-இல் கோடைக்கானலில் இறந்து, இடையன்குடியில் தாம் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் அடக்கமானார். 1856-இல் வந்த அவரது திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தமிழுக்கு உலக அரங்கில் இடம் வாங்கிக் கொடுத்தது. 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தோம். இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டை நினைவில்லமாக்கினோம். செய்யவேண்டியதைச் செய்தோம். 1899 வரை வாழ்ந்த எலைசாவுக்கும், அவரிடம் கற்றுப் பெயர் எழுதப்படாமல் போன பெண்களுக்கும் மட்டும் பாக்கி வைத்திருக்கிறோம்.

கையால் லேஸ் பின்னத் தெரிந்தவர்கள் தென்கோடியில் இன்று குறைந்துவிட்டார்கள்; தெரிந்த பலருக்கும் வயதாகிவிட்டது. எந்திர லேஸ் மீட்டர் கணக்கில் கடைத்தெருவில் தொங்கும்போது, நாள் முழுக்க உழைத்துச் சாண் அளவு பின்ன எந்தப் பெண்பிள்ளை வருவாள் என்ற கேள்வி நியாயமானது. கடலும் இப்படி ஒரு தொழிலைக் கைவிட்டதைத் தூத்துக்குடி பார்த்திருக்கிறது: 1961-க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. முத்துச் சிப்பி வளரும் கடலடிப் பாரில் சிப்பி அற்றுப்போனால் மனிதரால் ஆகக்கூடியது கொஞ்சம். விரலில் இருக்கும் வித்தை அப்படியல்ல. ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும்.

அதற்கு வழி எளிது. இடையன்குடி நினைவில்லத்தில் ஓர் அறையை லேசுக்கு ஒதுக்கலாம். பின்னத் தெரிந்த பெண்களுக்கு ஆசிரியைகளுக்குரிய சம்பளம் கொடுத்து அங்கே உட்காரவைக்கலாம். பின்னியதை அவர்களே கூட்டுறவாக விற்கலாம்; யார் பின்னியது, எத்தனை நாள் பிடித்தது என்று விலைச்சீட்டிலேயே எழுதலாம். வாங்குகிறவர்களும் அந்த நாட்களுக்கு உரிய விலையைப் பேரம் பேசாமல் கொடுக்கட்டும். கூடி உட்கார இடமும், உழைப்புக்கு நேர்மையான கூலியும் இருந்தால், இந்தத் திண்டு இன்னும் எத்தனையோ ஊர்களில் குடியேறும்.