148-க்கு 5

இன்று ஒரு தீவின் கதை. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

தென் அட்லாண்டிக் கடலின் நடுவே டிரிஸ்டன் டா குன்யா என்று ஓர் எரிமலைத் தீவு. பக்கத்து ஊர் என்றால் செயின்ட் ஹெலினா தீவு, அதுவே 2,400 கிலோமீட்டர் தள்ளி! விமானம் கிடையாது. கேப் டவுனிலிருந்து கப்பலில் ஒரு வாரம் ஆகும். இன்று இருநூற்றுச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள்.

நெப்போலியனைச் செயின்ட் ஹெலினாவில் சிறை வைத்திருந்த காலம். அவரை மீட்க வருபவர்களுக்கு இந்தத் தீவு உதவிவிடக் கூடாதென்று 1816-ல் பிரிட்டன் இங்கே ஒரு படையை இறக்கியது. மறுவருடமே படை திரும்பிவிட்டது. வில்லியம் கிளாஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மட்டும் மனைவி மக்களோடு தங்கினார், துணைக்கு இன்னும் இருவர். மூவரும் ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். உடைமையெல்லாம் சமபங்கு, லாபமும் சமபங்கு, ஒருவரும் மற்றவருக்கு மேலில்லை. மூன்று பேருக்கு எதற்கு ஒப்பந்தம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பழக்கம்தான் ஊராக வளர்ந்தது. இன்றும் நிலம் ஊர்ப் பொது. ஒரு வீட்டுக்கு இத்தனை மாடுதான் என்று கணக்கு உண்டு, ஒருவர் மட்டும் பெரிய பண்ணையார் ஆகிவிட முடியாது.

1961 அக்டோபரில் குடியிருப்பை ஒட்டியே எரிமலை வெடித்தது. 264 பேரும் தப்பி, கேப் டவுன் வழியாக இங்கிலாந்து சேர்ந்தார்கள். சவுத்தாம்ப்டன் அருகே கால்ஷாட்டில், பழைய விமானப்படை வீடுகளில் குடிவைத்தார்கள். வேலை, வாரச் சம்பளம், தொலைக்காட்சி எல்லாம் கிடைத்தன. ஆனால் குளிரும் புது நோய்களும் தாங்காமல் முதியவர்கள் சிலர் இறந்துபோனார்கள்.

இனி இங்கேயே இருந்துவிடுவார்கள் என்றுதான் அதிகாரிகள் எதிர்பார்த்தார்கள். 1962 டிசம்பரில் ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. திரும்பிப் போக 148 பேர், இருந்துவிட 5 பேர்!

வசதியை உதறிய வெகுளிகள் என்று சொல்வாரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே தன் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குத் தானே எஜமானன். இங்கே காலை மணியடித்தால் ஓட வேண்டும், மேஸ்திரிக்குப் பதில் சொல்ல வேண்டும். சம்பளத்தையும் இதையும் எடைபோட்டுப் பார்த்துத்தான் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்.

1963-ல் பெரும்பாலோர் திரும்பினார்கள். வீடுகள் அநேகமாகத் தப்பியிருந்தன. கடல் இறால் பதப்படுத்தும் ஆலையையும் படகு இறக்கும் கரையையும் எரிமலைக் குழம்பு விழுங்கியிருந்தது. எல்லோருக்கும் ஒத்துப்போனதா என்றால் இல்லை. 1966-ல் சில குடும்பங்கள் மறுபடி இங்கிலாந்துக்கே போயின.

மிஞ்சியவர்களுக்காக 1967-ல் சிறு துறைமுகம் ஒன்று கட்டப்பட்டது. அதன் பெயர் கால்ஷாட் துறைமுகம்.