தோட்டப்புறச் சிறாரும் குடற்புழுத் தடுப்பறிவும்: ஒரு வரலாற்று நோக்கு

மலையகத்தின் வரலாறு கோப்பியையும் தேயிலையையும் கொண்டு எழுதப்பட்ட அளவுக்கு, அங்கு உழைத்த மக்களின் உடல்நலத்தைக் கொண்டு எழுதப்படவில்லை. தோட்டப் பாடசாலை மாணவர் குடற்புழு நோய்த் தடுப்பினை அறிந்துள்ளனரா என்பது சுகாதாரத்துறையினர் எழுப்பும் வினா. அவ்வறிவு பயன்படுவதற்கான சூழல் அவர்களுக்கு வாய்த்ததா என்பது வரலாற்று மாணவன் எழுப்பவேண்டிய வினா. பின்னதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொளுக்கிப்புழுவின் முட்டைகள் மலத்துடன் வெளியேறி, ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணிற் பொரிக்கின்றன. அவற்றின் குடம்பிகள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுட் புகுகின்றன. இவ்வுண்மையை 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் எடுத்துரைத்தார். குடலைப் பற்றிக்கொண்டு குருதியை உறிஞ்சும் இப்புழுவினால் இரத்தசோகையும் சோர்வும் உண்டாகும். காலணியின்றி மலையேறிய தொழிலாளர், மலசலகூடம் அரிதாயிருந்த லயங்களில் வாழ்ந்தனர். எனவே நோய் நிலைத்தமை வியப்பன்று. இந்நோய் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரே கொணர்ந்தது எனத் துரைமார் கருதினர். ஆயின் அதனை வளர்த்தது தோட்டத்து மண்ணும் வாழ்நிலையுமே எனலாம்.

1916இல் ரொக்பெல்லர் மன்றத்தினர் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொளுக்கிப்புழு ஒழிப்பியக்கத்தைத் தொடங்கினர். கினோப்போடியம் எண்ணெய் மருந்தாக வழங்கப்பட்டது. சுகாதார விரிவுரைகளும் நிகழ்ந்தன. மருந்து கொடுப்பதை ஏற்ற தோட்ட நிருவாகங்கள், மலசலகூடம் அமைக்கும் செலவை ஏற்பதிற் பெரிதும் தயங்கின. விளைவாக, குணமடைந்தோர் அதே மண்ணில் நடந்து மீண்டும் நோயுற்றனர். மருந்தினால் மட்டும் நோய் ஒழியாது என்னும் பட்டறிவு, 1926இற் களுத்துறையில் அமைந்த சுகாதாரப் பிரிவு போன்ற நிலையான முயற்சிகளுக்கு வழிகோலியது.

ஊவாவின் அப்புத்தளையை நோக்குமிடத்து இவ்வரலாறு வேறொரு வடிவம் பெறுகின்றது. 1890இல் தோமஸ் லிப்டன் தோட்டங்களை வாங்கிய இம்மலைப்பகுதி, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்திலுள்ளது. கொளுக்கிப்புழுக் குடம்பி வெப்பத்தை வேண்டுவது. வட்டப்புழுவின் முட்டையோ குளிர்ந்த ஈரமண்ணில் நெடுங்காலம் உயிர்தரிக்கும். அது காலின் வழியாக அன்றி, கழுவாத கை, காய்கறி, நீர் என்பவற்றின் வழியாக வாயினுட் செல்வது. ஆதலின், “செருப்பணிந்து நட” என்னும் பாடம் இக்குளிர்மலைப் பிள்ளைக்குப் போதாது. “கை கழுவு” என்பதே முதற்பாடமாகும். அதற்கு நீர் வேண்டும், சவர்க்காரம் வேண்டும்.

1990களின் நடுப்பகுதி முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தோட்டப் பாடசாலைகளிற் புழுமருந்து வழங்கப்பட்டது. எனினும், 2011இல் வெளியான ஆய்வொன்று, தோட்டப்புற மாணவரிற் காற்பங்குக்கு மேற்பட்டோரிடம் குடற்புழுத் தொற்று இருந்தமையைக் காட்டியது. 1916இன் பட்டறிவு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னரும் மெய்ப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது.

இதனால் பாடசாலைச் சுகாதாரக் கல்வி வேண்டாம் என்பது பொருளன்று. பிள்ளை கற்றதைத் தாயும் கற்பாள், வீடும் மாறும். ஆனால் நீர்க்குழாயும் மலசலகூடமும் இல்லாத லயத்துப் பிள்ளையிடம் தடுப்பறிவை மட்டும் வினவுவது, நோயின் பழியை அப்பிள்ளைமேல் ஏற்றுவதாகவே முடியும். மாணவரின் அறிவை அளப்போர், அவ்வறிவைச் செயலாக்கும் வசதியையும் உடனளத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.